அப்பாவின் வாட்ச் அவரிடம் இல்லை

அன்புள்ள தம்பி,

இதை உனக்கு மட்டும் எழுதிக் கூரியரில் போட்டிருக்கலாம். போனில் சொல்லி அழுதிருக்கலாம். நீயும் கோபப்பட்டு, இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டிருப்பாய். விஷயம் நமக்குள்ளேயே முடிந்திருக்கும். ஆனால் நீ வாட்ச் ரிப்பேர்க் கடை மரியதாஸைத் திருடன் என்று எழுதியது ஊரே பார்க்கிற இடத்தில். கடை பெயர், சந்தின் பெயர், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய போட்டோ எல்லாம் போட்டு எழுதினாய். அதனால் நானும் எல்லோரும் படிக்கிற மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. தள்ளிப்போட்டால் எனக்குத் தைரியம் போய்விடும், இப்போதே சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவின் தங்க வாட்ச்சை மரியதாஸ் எடுக்கவில்லை. அதை நான் அவரிடம் கொடுக்கவே இல்லை. உருக்கிவிட்டேன். அது நிவேதாவின் கழுத்தில், நீ கட்டிய தாலியில் கலந்திருக்கிறது.

எழுந்து நடக்காதே. கோபம் வந்தால் ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பாய் என்று எனக்குத் தெரியும், உன் அப்பாவும் அப்படித்தான். உட்கார்ந்து முழுவதையும் படி. ஏன் செய்தேன் என்று சொன்னால் மன்னித்துவிடுவாய் என்று நினைத்து எழுதவில்லை. ஏன் என்பது எனக்கே பாதிதான் தெரியும்.

அந்த வாட்ச் நம் வீட்டுக்கு வந்த கதையை நீ அப்பா வாயால் கேட்டிருப்பாய். அவர் சொல்லும்போது அது ஏதோ ராஜா கதை மாதிரி இருக்கும். நடந்ததை நான் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்பு, பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்திய அதிகாரி குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகிறார், வீட்டுச் சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டோம். நமக்கு அப்போது ஒரு பீரோகூட இல்லை. என் புடவையெல்லாம் டிரங்குப் பெட்டியில்தான் கிடந்தது. தேக்கு பீரோ ஒன்று பார்த்து வருகிறேன் என்று சனிக்கிழமை காலையில் போன மனிதர் மத்தியானம் வெறுங்கையோடு வந்து நின்றார். வெறுங்கை என்று நான்தான் நினைத்தேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். "பீரோவைக் கையில கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த நான்கு வருஷம் டிரங்குப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்த வாட்ச்சைத் திட்டியிருக்கிறேன்.

எனக்கு அதில் பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு எண் கிடையாது. விநாடி முள் கிடையாது. இரண்டே முள், தலைமுடி கனத்தில். கம்பெனி பெயரைக்கூடக் கண்ணாடி போட்டால்தான் படிக்க முடியும். வட்டமா என்றால் வட்டமில்லை, சதுரமா என்றால் சதுரமும் இல்லை. "தங்கத்துல பண்ணியும் ஒரு எண்ணு போட வக்கில்லாம போச்சா அவனுக்கு?" என்று கேட்டேன். திருவெறும்பூர் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர் அவர். நாள் முழுக்கப் பலகையில் குனிந்து இங்க் பேனாவால் கோடு இழுக்கிறவர். "அதான் விஷயமே. இதை வரைஞ்சவன் எதையெல்லாம் போடாம விட்டான்னு பாரு" என்றார். நான் பார்க்கவில்லை. அடுப்பில் குழம்பு இருந்தது.

நீ பார்த்தாய். உனக்கு ஏழு வயதிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அதைத் துணியிலிருந்து எடுத்துச் சாவி கொடுப்பார், நீ பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் காம்பஸை வைத்து அதன் வடிவத்தை வரையப் பார்த்தாய், வரவில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தாய், வரவில்லை. அழுதாய். அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு, அது ஒரே வட்டத்தில் அடங்காது, எட்டு வில் சேர்ந்தது என்று ஒவ்வொரு வில்லுக்கும் நடுப்புள்ளி எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வைத்தார். எட்டு வாரம் ஆனது உங்களுக்கு. பின்னால் நீ பெங்களூரில் டிசைன் படிக்கப் போய், லீவுக்கு வரும்போது எனக்கே பாடம் எடுத்தாய். அந்தக் காலத்தில் சுவிஸ்காரர்களுக்குள் யார் வாட்ச் மெலிசு என்று போட்டி, அதற்காக உள்ளே இருக்கும் மெஷினையே புதிதாக யோசித்தார்கள், பேட்டரி வாட்ச் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போடுவதற்குக் கொஞ்சம் முன்னால் செய்தது இது என்றாய். டயலில் நடுவிலிருந்து ஓரம் வரை ஓடும் கோடுகளை ஒரு ஆள் கையால் மெஷினைச் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறான், வெளிச்சத்தில் திருப்பினால் கோடு நகர்கிற மாதிரி தெரிவது அதனால்தான் என்றாய். நான் ம் கொட்டிக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினேன்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குப் பொறாமை. நீங்கள் இரண்டு பேரும் ஞாயிறு காலையில் அந்த ஒரு சின்னச் சாமானுக்குள் போய்விடுவீர்கள், நான் வெளியே நிற்பேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனா என்று கேட்காதே. வந்திருக்க மாட்டேன், கூப்பிடவில்லை என்று குறை மட்டும் பட்டிருப்பேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எட்டு வில்லின் நடுப்புள்ளியை எட்டு நிமிஷத்தில் போட்டுக் காட்டியிருப்பேன். போட்டுக் காட்டவில்லை. உனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். நிவேதா எதில் ஆசையாக இருக்கிறாளோ அதைப் புரியவில்லை என்று ஒதுக்காதே. பக்கத்தில் போய் உட்கார். உட்காராமல் விட்ட இடம் அப்படியே காலியாகத்தான் இருக்கும், நாள் போனால் அந்த இடத்தில் வேறு ஏதாவது முளைக்கும்.

அப்பா போனதும் வாட்ச் என் பீரோவுக்கு வந்தது. என் சம்பளத்தில் நானே வாங்கிய பீரோ, அதையும் சொல்லி வைக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், உயிரோடு இருந்தவரை அவர் கையில் நான் பார்க்கப் பிடிக்காமல் இருந்த வாட்ச்சுக்குத் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து சாவி கொடுக்க ஆரம்பித்தேன். காதில் வைத்துக் கேட்பேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு உன் கல்யாணம் வந்தது. நம் பக்கம் மாப்பிள்ளை வீட்டார்தான் தாலி செய்ய வேண்டும், நாள் பார்த்துப் பத்தரிடம் போய்ப் பொன் உருக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பெண்கள் தட்டில் மஞ்சள், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்துப் பொன்னை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுப்பார்கள். சுமங்கலிகள்தான் கொடுக்க வேண்டும். உன் பெரிய அத்தை உப்பிலியபுரத்திலிருந்து ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். நல்லவர்கள்தான். என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ மனசுல வச்சுக்காதம்மா. தட்டு எடுக்கறது, பொன்னு கொடுக்கறது எல்லாம் நாங்க பாத்துக்கறோம். நீ கூட வா, வெளியில நின்னுக்கோ" என்றார்கள். சரிங்கண்ணி என்றேன். ஹெட்மாஸ்டரிடம் மேஜையைத் தட்டிப் பேசியவள் நான். அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. நீ அப்போது பெங்களூரில் இருந்தாய். உன்னிடம் சொன்னால் நீ சண்டை போடுவாய், கல்யாண வீட்டில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் உள்ளே கொதித்தது. உன்னைப் பெற்று வளர்த்தது நானும் உன் அப்பாவும். இரண்டு பேருமே அந்தத் தட்டுக்குப் பக்கத்தில் இல்லை என்றால் என்ன நியாயம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் வாட்ச்சுக்குச் சாவி கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான் தோன்றியது. தோன்றிய அரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கத்திலிருந்து கடைவீதிக்குப் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒரு நாள் யோசித்திருந்தால்கூட இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது.

சின்னக் கடைவீதிப் பத்தர் நியாயமானவர். மூடியைத் திறந்து, பின்பக்கத்தில் குத்தியிருந்த பெண் தலை முத்திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். "பதினெட்டு காரட்டும்மா. தாலிக்கு இது அப்படியே ஆகாது, சுத்தம் பண்ணித்தான் சேக்கணும்" என்றார். பண்ணுங்க என்றேன். "அம்மா, நான் வாட்ச் ஆளு இல்ல. ஆனா இதை இப்படியே வச்சிருந்தா உருக்கறதைவிட மதிப்பு ஜாஸ்தின்னு எனக்கே தெரியுது. நெசமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். உள்ளே இருந்த மெஷினையும் டயலையும் தனியாக எடுத்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். தங்க உடம்பு மட்டும் மூசை என்கிற உருக்கும் கிண்ணத்துக்குள் போனது. எட்டு வில்லும் ஒவ்வொன்றாக இளகி, கடைசியில் ஒரு சொட்டாக நின்றது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணை எடுக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. பொன்னுருக்கு அன்றைக்கு உன் அத்தை தட்டில் எடுத்துப் போன பொன்னோடு அந்தத் துண்டும் சேர்ந்திருந்தது, அவர்களுக்குத் தெரியாது. ஐந்து சுமங்கலிகள் மஞ்சளும் பூவும் வைத்து உன் அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள், நான் கடை வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். உங்கள் எல்லோரையும் ஏமாற்றிவிட்டேன் என்று ஒரு குறும்பு. முகூர்த்தத்தில் நீ முடிச்சுப் போட்டபோது மூன்றாவது வரிசையில் இருந்த நான்தான் எல்லோரையும்விடக் கிட்டத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே நான் மாட்டிக்கொண்டாகிவிட்டது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்து அறையிலிருந்து நீ வந்து கேட்டாய். "அம்மா, அப்பா வாட்ச் எங்கம்மா? பேக்ல வச்சியா? அதைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காரணும்" என்றாய். புதுத் தோல் பட்டைகூட வாங்கி வந்திருந்தாய். கையில் வைத்திருந்தாய். நீ முன்னாடியே சொல்லவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்று தப்பித்துக்கொள்ள மாட்டேன். அது உனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னைக் கேட்காமல் செய்தேன், கேட்டால் தரமாட்டாய் என்பதால். உன் அப்பாவில் என் பங்கை நான் எடுத்துக்கொண்டேன். உன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டேன் என்பது அந்தப் பட்டையைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில் என்ன சொல்ல? நாதஸ்வரம் வாசிக்கிறார்கள், ஐயர் கூப்பிடுகிறார், அத்தை வேறு பக்கத்தில் நிற்கிறார்கள். போனவர் போட்டிருந்த பொன்னைத் தாலிக்கு உருக்கினேன் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே கலவரம் ஆகியிருக்கும். "சர்வீஸுக்கு மரியதாஸ்கிட்ட கொடுத்தேன்டா. இன்னைக்குள்ள தரேன்னாரு, தரலை" என்றேன். நாக்கு தானாகப் புரண்டது. வருஷா வருஷம் அப்பா அங்கேதான் கொடுப்பார், அதனால் அந்தப் பெயர் வந்தது. உன் முகம் சுருங்கியது. பட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு மணவறைக்குப் போனாய். உண்மையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன்.

ஒரு வாரம், ஒரு மாதம் என்று போனது. நீ கேட்கும்போதெல்லாம் பார்ட்ஸ் வரவில்லையாம், ஊருக்குப் போயிருக்கிறாராம் என்று அடுக்கினேன். கடைசியில் நீயே கடைக்குப் போன் செய்து, அப்படி ஒன்று வரவே இல்லை என்று அவர் சொன்னதும், பெங்களூரிலிருந்து கிளம்பி வந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். மெயின்கார்டு கேட் பக்கத்தில் அந்தச் சந்துக்குள் நுழையும்வரை எனக்கு நேரம் இருந்தது. ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது "தம்பி" என்று ஒரு தடவை கூப்பிடக்கூடச் செய்தேன். நீ "சொல்லும்மா" என்றாய். வெயிலா இருக்கு என்றேன்.

அங்கே நடந்ததை நீ உன் பக்கத்திலிருந்து பார்த்தாய். நான் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். மரியதாஸ் உன்மேல் கோபப்படவில்லை. என்னைத்தான் பார்த்தார். "டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. சார் போனப்புறம் நீங்க இந்தக் கடைக்கு வந்தீங்களா?" என்று கேட்டார். அந்தக் கணத்தில் சொல்லியிருப்பேன், தம்பி. வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உன் பக்கம் திரும்பி, "தம்பி, அம்மாவுக்கு வயசாயிடுச்சு. எங்கயாவது வச்சுட்டு மறந்திருப்பாங்க. வீட்ல நல்லா தேடிப் பாருங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் படித்த பிள்ளைகளின் பெயரை இனிஷியலோடு சொல்கிறவள் நான். என்னைப் பார்த்து மறந்துவிட்டாள் என்பதா? "எனக்கு ஞாபகம் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க கையிலதான் கொடுத்தேன்" என்றேன். சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொன்னவளுக்கு ரோஷம் வேறு. ஒரு கிழவியின் வீம்புக்காக ஒரு மனிதருடைய பெயர் போனது.

நீ என்னை நம்பினாய். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுதிப் போட்டாய். உன்னை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு வார்த்தை. எழுதுவதற்கு முன்னால் இன்னொரு தடவை தனியாகப் போய் அவரைப் பார்த்திருக்கலாம். உன்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். கோபத்தில் நமக்கு நியாயம் என்று தோன்றுவதை மறுநாள் காலையில் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை, அதனால்தான் சொல்கிறேன், அரை மணி நேரத்தில் பஸ் ஏறியவள் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வந்திருந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். "அது இந்நேரம் எந்த நாட்டுல எவன் கையில இருக்கோ. நான் விடறதா இல்லம்மா. வர்ற திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வந்து போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன்" என்றாய். நிவேதா உன் பக்கத்தில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் தாலியைச் சரட்டோடு விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள். நீ தேடுகிற பொருள் உன் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். பாத்திரம் தேய்க்கிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

நேற்று முன்தினம் கடைக்குப் போனேன். கல்லாவில் மரியதாஸின் மகள் இருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள், மரியாதைக்கு இல்லை. அவர் உள்ளே மேஜையில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பத்தர், தாலி, மண்டபம் எல்லாம். அவர் கண்ணிலிருந்து லென்ஸை எடுக்காமலே கேட்டார். முடித்ததும் லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "மூடியையும் உருக்கிட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதுக்குள்ள என் எழுத்து இருந்துச்சும்மா. ஒவ்வொரு தடவை சர்வீஸ் பண்ணும்போதும் மூடிக்கு உள்பக்கம் ஊசியால தேதி கீறி வைப்போம். எனக்கு முன்னாடி யார் யாரோ கீறினதும் இருந்துச்சு. எந்தெந்த ஊர்க்காரங்களோ. கடைசியா என்னோடது வரிசையா இருக்கும், சார் உயிரோட இருந்த வரைக்கும்" என்றார். நான் அங்கேதான் அழுதேன். அவர் அந்த வாட்ச்சைத் தொட்டதற்கும் சரியாகத் திருப்பிக் கொடுத்ததற்கும் உலகத்தில் இருந்த ஒரே அத்தாட்சியை நான் மூசையில் போட்டிருக்கிறேன்.

காகித மடிப்பைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பிரித்தார். மெஷின், டயல், இரண்டு முள். மெதுவாகச் சாவி கொடுத்தார், ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே ரசீதுப் புத்தகத்தை இழுத்து எழுதினார். வாட்ச் மெஷின் ஒன்று, டயல், முள், கேஸ் இல்லை என்று எழுதி என் பெயரைப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். "இப்பதாம்மா என் கையில கொடுத்திருக்கீங்க" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் வெளியே வரும்போது அவர் மகள் மட்டும், "அப்பா விட்டுடுவாரு ஆன்ட்டி. என்னால முடியல" என்றாள். முடியக் கூடாதுதான் என்று சொன்னேன்.

நிவேதாவுக்கு இன்று காலையில் போன் செய்து சொல்லிவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் அவள் கழுத்தில் ஒன்றைச் சுமக்க வைத்திருக்கிறேன், உனக்கு முன்னால் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "என்னைக் கேட்டிருக்கலாமே அத்தை. கேட்டிருந்தா நான் சந்தோஷமா சரின்னு சொல்லியிருப்பேன்" என்றாள். கடிதம் எழுதி முடிக்கும்வரை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். "உங்க பொய்யில என்னையும் சேக்காதீங்க" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. அதனால் இதைப் படிப்பதற்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கும். தாலியை என்ன செய்வது என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும். மாற்றிக்கொள்கிறேன் என்றால் நீ தடுக்காதே, எனக்காகப் பேசாதே.

நேற்று காலை கடை திறக்கிற நேரத்துக்குப் போய் வாசலில் நின்றேன். வருகிறவர்களிடம் நானே சொல்லிவிடுவது என்று முடிவு. மரியதாஸ் "வேணாம்மா, வீட்டுக்குப் போங்க" என்றார். நான் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மகள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து தூரமாக வைத்துவிட்டுப் போனாள். பதினொரு மணி வாக்கில் என்னிடம் பத்தாவது படித்த ஒருவன் வந்தான், இப்போது அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கிறானாம். ரிப்பேருக்குக் கொடுத்திருந்த வாட்ச்சைத் திருப்பி வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான். உன் பதிவைப் பார்த்தானாம். நான் எழுந்து, அது பொய்ப்பா, நான்தான் பொய் சொன்னேன், இவர் ஒன்றும் பண்ணவில்லை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். "பரவால்ல டீச்சர்" என்றான். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான். சர்வீஸ் செய்யாத வாட்ச்சை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டான். மரியதாஸ் கவரில் போட்டுக் கொடுத்தார், தேங்க்ஸ் என்றுகூடச் சொன்னார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அந்த ஸ்டூலில் இன்னும் எத்தனை வருஷம் உட்கார்ந்தாலும் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடம்தான் சொல்ல முடியும். உன் பதிவு போன இடத்துக்கெல்லாம் என் குரல் போகாது. அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே, அந்தப் பதிவு இருந்த அதே இடத்தில், என் பெயரோடும் போட்டோவோடும் போடு. பதிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு முடிந்தது என்று இருந்துவிடாதே, எடுத்தால் யாருக்கும் தெரியாது. உன் ஆபீஸில் படிப்பார்கள், உன் மாமனார் வீட்டில் படிப்பார்கள், உன் அத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். உன் அம்மா பொய்க்காரி என்று சொல்வார்கள். சொல்லட்டும், நீ மறுத்துப் பேசாதே.

திங்கட்கிழமை லீவு போட்டிருப்பதாகச் சொன்னாய். லீவை ரத்து செய்யாதே. கிளம்பி வா. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்து இறங்காதே, நேராக மரியதாஸ் கடைக்குப் போ. பத்து மணிக்குத் திறக்கிறார்கள். வாசலில் ஸ்டூலில் நான் உட்கார்ந்திருப்பேன். என்னைத் தாண்டி உள்ளே போய் முதலில் அவரிடம் பேசு. வெளியே வரும்போது என்னோடு பேசத் தோன்றினால் பேசு. தோன்றாவிட்டால் என்னை வீட்டில் மட்டும் கொண்டுபோய் விட்டுவிடாதே, ஏழு மணிக்குக் கடை சாத்துகிறவரை நான் அங்கே இருக்க வேண்டும்.

அம்மா